இரைச்சலில் சாப்பிடுகிறவர்கள்

“வீட்ல எல்லாம் நல்லாத்தாங்க கேக்குது. ரெஸ்டாரண்டுக்குப் போனா மட்டும் யாரு என்ன பேசறாங்கன்னே புரியறதில்ல.”

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் ஆடியாலஜிஸ்டாகக் காது பார்க்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் புகாரைக் கேட்டுவருகிறேன். சொல்கிறவர் ஓய்வுபெற்ற இத்தாலியத் தச்சராக இருப்பார். மருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கும் குஜராத்திப் பெண்ணாக இருப்பார். மகனோடு ஆறு மாதம் தங்க வந்த மன்னார்குடிக்காரராக இருப்பார். கூட வந்த மகன், “அப்பாவுக்குக் காது போயிடுச்சு டாக்டர்” என்பான். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். சோதித்துப் பார்த்தால் வயதுக்கேற்ற தேய்மானம் கொஞ்சம் இருக்கும். சிலருக்கு அதுகூட இருக்காது. அவர் சொன்னது முழுக்க உண்மை: வீட்டில் கேட்கிறது, உணவகத்தில் கேட்கவில்லை. இதில் காதுக்கு எவ்வளவு பங்கு, கட்டடத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிருக்கிறது. கட்டடத்தின் பங்கை வயதானவர்களின் காது மேல் ஏற்றிவிடுகிறோம் என்பது என் முடிவு.

நான் படித்தது மைசூரில், ஆல் இந்தியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்பீச் அண்ட் ஹியரிங்கில். பேச்சு, கேட்பு இரண்டையும் அங்கே சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குச் சொந்த ஊர் கோவை. படிக்கிற காலத்திலேயே சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களின் காதைச் சோதித்திருக்கிறேன். அவர்களுடைய ஆடியோகிராமில், அதாவது கேட்புச் சோதனையின் வரைபடத்தில், கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் இறங்கும், 8000-இல் கொஞ்சம் மேலே ஏறும். காதை இரைச்சல் கெடுத்திருக்கிறது என்பதற்கு நாங்கள் முதலில் தேடும் அடையாளம் அந்தப் பள்ளம். தறிக்கொட்டகையில் எல்லோரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே சத்தம் இருக்கிறது, அது காதைக் கெடுக்கிறது என்று வேலை செய்கிறவருக்கும் முதலாளிக்கும் தெரியும். உணவகத்தைப் பற்றி யாரும் அப்படி நினைப்பதில்லை. அங்கே போவது சந்தோஷத்துக்கு; சந்தோஷத்தோடு வரும் சத்தத்தை யாரும் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1996-இல் நியூ ஜெர்சி வந்தேன். முழு டிஜிட்டல் காதுக்கருவிகள் சந்தைக்கு வந்த ஆண்டும் அதுதான். அந்தக் காலத்தில் 46-ஆம் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த இந்திய உணவகங்கள் பலவும் பழைய ஸ்டேக்ஹவுஸ் கட்டடங்களில் இருந்தன. தரையில் கம்பளம், மேசை மேல் துணி, ஜன்னலுக்குக் கனத்த திரை, தலைக்கு மேலே சதுரம் சதுரமாக வெள்ளைப் பலகை பதித்த தாழ்ந்த கூரை. அதை டிராப் சீலிங் என்பார்கள். அழகென்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் நாரால் செய்த அந்தப் பலகைகள் தங்கள் மேல் படும் ஒலியில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். நியூ ஜெர்சிக்குப் பேர்போன டைனர்களிலும் முதுகு உயர்ந்த, பஞ்சு வைத்த வினைல் இருக்கைகள் ஒரு மேசைப் பேச்சு அடுத்த மேசைக்குப் போகாமல் தடுத்தன. ஒலியை மனத்தில் வைத்து எவரும் அந்த இடங்களைக் கட்டவில்லை. கட்டிய விதத்தில் ஒலி அடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். 2000-க்குப் பிறகு ஒவ்வொரு கடையாகப் புதுப்பித்தார்கள். கம்பளம் அழுக்காகிறது என்று எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். மேசைத்துணி சலவைச் செலவு என்று நின்றுபோய் கிரானைட் பலகை வந்தது. கடைசியாக டிராப் சீலிங்கைக் கழற்றினார்கள். மேலே ஓடும் குழாய்களும் கம்பிகளும் தெரியும்படி விட்டுக் கறுப்பு வண்ணம் அடித்தால் மன்ஹாட்டன் மாதிரி இருக்கும் என்று வடிவமைப்பாளர்கள் சொன்னார்கள். சுவருக்கு ஒன்றாகத் தொலைக்காட்சி வந்தது. கிரிக்கெட் இல்லாத நேரத்திலும் அது ஓடும், அதற்கு மேலாகப் பாட்டும் ஓடும். யாரும் பார்க்காத தொலைக்காட்சிக்கு ஒலி எதற்கு என்று ஒவ்வொரு உரிமையாளரிடமும் கேட்டுவருகிறேன். இதுவரை எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

நம்மூர் ஹோட்டலிலும் சத்தம் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சர்வர் இங்கிருந்து கத்துவார், தோசைக்கல்லில் கரண்டி உரசும், டபராவும் டம்ளரும் மோதும். ஆனால் கோவையில் நான் சாப்பிட்டு வளர்ந்த கடைகளுக்கு முன்பக்கச் சுவரே கிடையாது. சத்தம் தெருவுக்குப் போய்விடும். நியூ ஜெர்சிக் குளிரில் கடைக்கு இரட்டைக் கதவு, இறுக்கி மூடிய கண்ணாடி. எவர்சில்வர் தட்டு விழுந்தால் அந்த ஒலி கண்ணாடியில் பட்டு, டைல்ஸில் பட்டு, கிரானைட்டில் பட்டுத் திரும்பத் திரும்ப வரும். வெளியே போக அதற்கு வழியில்லை.

அறைக்குள் ஒலி எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பதை முதலில் கணக்காக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று அவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிரொலி நீளும். உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். இவ்வளவுதான் சூத்திரம். உணவகத்தில் நான் செய்வதும் இதே வேலையின் சின்ன வடிவம்தான். கூட்டம் வருமுன் கடைக்குப் போய் நடுவில் நின்று கையைத் தட்டுவேன். தட்டின ஒலி தட்டினவுடன் நின்றால் சரி. ‘ணங்’கென்று இழுத்தால், அந்தக் கடையில் சனிக்கிழமை இரவு என்ன நடக்கும் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு பெயர் எத்தியன் லோம்பார். பாரிஸில் காது மருத்துவராக இருந்தவர். இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்று 1911-இல் எழுதினார். காது கேட்காததுபோல் நடிப்பவரைக் கண்டுபிடிக்கக்கூட இது பயன்பட்டது. காதுக்குள் இரைச்சலை விட்டுப் படிக்கச் சொன்னால், உண்மையிலேயே கேளாதவர் குரல் உயராது. நடிப்பவர் குரல் உயர்ந்துவிடும். உணவகத்தில் நடப்பது இதுதான். ஒரு மேசை குரலை உயர்த்துகிறது. அது அடுத்த மேசைக்கு இரைச்சல், அவர்களும் உயர்த்துகிறார்கள். ஏழு மணிக்கு 68 டெசிபலில் இருந்த கடை எட்டரைக்கு 80-ஐத் தாண்டும். ஒருவர்கூடக் கத்தவேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்.

டென்மார்க் ஒலியியலாளர் யென்ஸ் ஹோல்கர் ரிண்டல் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் போக்கைக் கணக்கில் சேர்த்து, உணவகங்களுக்காக ஒரு எளிய சூத்திரம் தந்தார். அறையின் கன மீட்டரை, எதிரொலி நேரத்தின் இருபது மடங்கால் வகுத்தால் வரும் எண்தான், அந்த அறையில் ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரோடு ஓரளவு நன்றாகப் பேச முடிகிற ஆட்களின் எண்ணிக்கை. இதைப் படித்ததும் எனக்குத் தெரிந்த ஒரு தோசைக்கடைக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பதடி நீளம், முப்பதடி அகலம், பதினோரடி உயரம். கிட்டத்தட்ட 374 கன மீட்டர். எதிரொலி ஒரு விநாடி என்று வைத்தால் 19 பேர். வாசலில் தீயணைப்புத் துறையின் பலகை 80 பேர் என்று சொல்கிறது. மூச்சுவிடவும் தீப்பிடித்தால் தப்பி ஓடவும் 80 பேருக்கு இடம் இருக்கிறது. பேச 19 பேருக்குத்தான்.

அந்தக் கடைக்காரரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். திருச்சிக்காரர், என்னை அக்கா என்பார். “அக்கா, பத்தொன்பது பேரை வச்சுக்கிட்டு நான் வாடகை எப்படிக் கட்டறது?” என்றார். நியாயமான கேள்வி. ஆட்களைக் குறைக்கச் சொல்லவில்லை, எதிரொலியைப் பாதியாக்கச் சொல்கிறேன் என்றேன். உறிஞ்சும் பரப்பை இரண்டு மடங்காக்கினால் பாடப்புத்தகப்படி 3 டெசிபல்தான் குறையவேண்டும். ஆனால் இரைச்சல் குறையக் குறைய மக்களும் குரலைத் தாழ்த்துவார்கள், ஆகவே நடைமுறையில் 6 டெசிபல் வரை இறங்கும். ஏறும்போது நம்மை அடித்த அதே லோம்பார் விளைவு இறங்கும்போது நமக்குத் துணை செய்கிறது.

அவர் சம்மதித்தார். இரண்டங்குலக் கண்ணாடியிழைப் பலகைகளைத் துணி சுற்றிக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். இதில் அனுபவத்தால் மட்டும் தெரியவரும் சில விஷயங்கள் உண்டு. பலகைக்கு ஏ வகுப்புத் தீத்தடுப்புச் சான்று இல்லாவிட்டால் நகராட்சி ஆய்வாளர் கழற்றச் சொல்லிவிடுவார். அடுக்களைப் பக்கம் துணிப் பலகை கூடாது, எண்ணெய்ப் புகை ஏறிப் பிசுபிசுத்துவிடும். துடைக்கக்கூடிய மெல்லிய உறை போட்ட பலகைதான் அங்கே. சுவரில் மாட்டுவதானால் உட்கார்ந்தவர் தலை உயரத்தில் மாட்டவேண்டும். அழகுக்காக மேலே மாட்டினால் பலன் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பலகைக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. வேறொரு கடையில் நல்ல நார்ப் பலகைகளை வாங்கி, நிறம் பிடிக்கவில்லை என்று ரோலரால் கெட்டியாகக் கறுப்பு அடித்திருந்தார்கள். துளைகள் அடைபட்டுப் போனபின் அது பலகை அல்ல, இன்னொரு சுவர். செலவு செய்தும் சத்தம் குறையவில்லையே என்று அந்த உரிமையாளர் என்னிடம் கேட்டபோது சங்கடமாக இருந்தது. திருச்சிக்காரர் கடையில் மாற்றம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. சர்வர்கள் ஆர்டரை இரண்டாம் முறை கேட்பது குறைந்துவிட்டது என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

சர்வர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். உணவக இரைச்சலைப் பற்றி எழுதுகிறவர்கள் வாடிக்கையாளரைப் பற்றியே எழுதுகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழ் உணவக விமர்சனத்தோடு இரைச்சலையும் மணிச் சின்னங்களால் மதிப்பிட்டது. 80 டெசிபலைத் தாண்டிய கடைக்கு வெடிகுண்டுச் சின்னம். சவுண்ட்பிரிண்ட் என்ற செயலி நியூயார்க்கில் தொடங்கியது. சாப்பிட வந்தவர்களே அளந்து பதியும் அளவுகளில் அந்நகர உணவகங்களின் சராசரி 78 டெசிபல் என்று கணக்கிட்டார்கள். எல்லாம் நல்ல வேலை. ஆனால் வாடிக்கையாளர் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார். வேலை செய்கிறவர் பத்து மணி நேரம் அங்கேயே நிற்கிறார்.

பாத்திரம் கழுவும் ஒருவரை அவருடைய முதலாளியே என்னிடம் அழைத்துவந்தார். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது குறை. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, குவாத்தமாலாக்காரர். இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம். சோமனூரில் பார்த்த அதே கோடு. அவர் நிற்கும் இடத்தைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் எவர்சில்வர் தொட்டி. அதில் எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்துக் கொட்டுகிறார்கள். தலைக்கு மேல் எக்சாஸ்ட். முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்கச் சட்னிக்கும் மசாலாவுக்கும் ஓடும் பெரிய மிக்சி. தட்டு விழும் ஒவ்வொரு முறையும் என் ஒலி மீட்டர் முள்ளுப்போல் குத்தி எழுந்தது. மிக்சி ஓடும்போது 90-க்குக் கீழே இறங்கவே இல்லை.

அமெரிக்காவில் வேலையிட இரைச்சலுக்கு இரண்டு அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் சட்ட வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். 85-ஐத் தொட்டாலே ஊழியருக்கு ஆண்டுதோறும் கேட்புச் சோதனை நடத்தவேண்டும் என்றும் விதி இருக்கிறது. நியாஷ் ஆய்வு நிறுவனம் இன்னும் கண்டிப்பு: எட்டு மணிக்கு 85-தான், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்; 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு, 100 என்றால் கால்மணி. நியாஷின் இலவசச் செயலி ஐஃபோனில் 2017 முதல் கிடைக்கிறது, அளவு நம்பத் தகுந்தது. ஆனாலும் சின்ன உணவகத்தின் பின்கட்டில் கேட்புச் சோதனை நடத்தியதை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஆலைக்கு என்று எழுதிய விதி அடுக்களைக்கும் பொருந்தும் என்பது அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த முதலாளி நல்ல மனிதர். தொட்டிக்குள் ரப்பர் விரிப்பு போட்டார், தட்டுகளைக் கொட்டாமல் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கச் சொன்னார், மிக்சியைக் கதவுள்ள சரக்கறைக்கு மாற்றினார். மூன்றும் சேர்ந்து சில நூறு டாலர்கூட ஆகவில்லை. போன கேட்பு திரும்பாது. உள்காதின் மயிர்ச் செல்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்.

கல்லாவில் நின்று மேசைக்கு ஆள் கூப்பிடும் பெண்கள் காதுக்காக என்னிடம் வரமாட்டார்கள். ஆனால் மைசூரில் குரலையும் படித்ததால் அவர்கள் குரல் கெடுவதை என் காது பிடித்துவிடும். ஒரு கடையில், போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் குரல் கரகரவென்று இருந்தது. சளி என்றாள். மாதக்கணக்கில் சளி இருக்காது. தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன், குரல்நாணில் கணு. பள்ளி ஆசிரியர்களுக்கு வருகிற அதே கோளாறு. தினமும் ஐந்தாறு மணி நேரம் இரைச்சலுக்கு மேலே பேசினால் குரல்நாண்கள் மோதி மோதித் தடித்துவிடும். அவளுக்கு நான் கேட்டு வாங்கிக்கொடுத்த மருந்து, மேசை தயாரானதும் வாடிக்கையாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வசதி.

ஊரிலிருந்து வரும் பெற்றோர்களிடம் எனக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. இரைச்சலில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று பார்க்க இங்கே குயிக்சின் என்றொரு சோதனை வைத்திருக்கிறோம். பல பேர் பேசும் சலசலப்புக்கு நடுவே வாக்கியங்கள் வரும். சலசலப்பைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். எல்லாம் ஆங்கில வாக்கியங்கள். வாழ்நாள் முழுக்கத் தமிழில் பேசியவரை அதில் உட்காரவைத்தால் காதைச் சோதிக்கிறோமா, ஆங்கிலத்தைச் சோதிக்கிறோமா என்று தெரியாது. ஆகவே தமிழ் எண்களை மூன்று மூன்றாகச் சேர்த்து என் குரலிலேயே பதிந்து, சலசலப்போடு கலந்து வைத்துக்கொண்டேன். அதிகாரபூர்வமான சோதனை இல்லை, ஒரே ஆளை இரண்டு நிலைமைகளில் ஒப்பிட மட்டும் பயன்படும். ஒரு மன்னார்குடிப் பெரியவர் அமைதியில் எல்லா எண்ணையும் சரியாகச் சொன்னார். சலசலப்பு வந்ததும் எண்கள் அவருக்கு ஒன்றோடொன்று குழம்பிப்போயின. வயதானால் முதலில் மங்குவது மேல்ஸ்தாயி. உயிரெழுத்து ஓங்கி ஒலிக்கும், தப்பிவிடும். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் மெல்லிய ஓசைகள் இரைச்சலுக்கு அடியில் போய்விடும். பேச்சு கேட்கும், சொல் புரியாது.

அதே பதிவை அவர் மகனுக்கும் போட்டேன். மகனுக்கு நாற்பது வயது, குறையில்லாத காது. சலசலப்பை ஒரு சனிக்கிழமை இரவு உணவகத்தின் அளவுக்கு ஏற்றினேன். அவரும் தடுமாறினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அங்க நானும் பாதி ஊகிச்சுத்தான் பதில் சொல்றேன் போல இருக்கு மேடம்” என்றார். அப்பா தலை நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ‘காது போயிடுச்சு’ என்ற பேச்சு எழவில்லை என்று மருமகள் சொன்னாள்.

சமீப ஆண்டுகளில் முப்பது வயதுக்காரர்களே, உணவகத்தில் பேச்சு புரியவில்லை என்ற அந்தப் புகாரோடு வருகிறார்கள். ஆடியோகிராம் சுத்தமாக இருக்கும். முன்பெல்லாம் இவர்களை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவது துறையின் வழக்கம். 2009-இல் பாஸ்டனில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் வெளியிட்ட எலி ஆய்வு அதை அசைத்தது. சில மணி நேர இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் கேட்பு அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பெருமளவில் அழிந்திருந்தன. மனிதருக்கும் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தச் சந்தேகமே போதும். ஆடியோகிராமைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. இன்னொன்றையும் சொல்கிறேன்; இது காதைப் பற்றியதல்ல, நாக்கைப் பற்றியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் நடந்த ஆய்வில், விமானத்துக்குள் இருப்பது போன்ற 85 டெசிபல் இரைச்சலில் இனிப்புச் சுவை மங்கித் தெரிந்தது. உமாமி என்கிறார்களே, தக்காளியிலும் காளானிலும் உள்ள சுவை, அது தூக்கலாகத் தெரிந்தது. பாயசத்தில் இனிப்பு போதவில்லை என்று சமையல்காரரைக் கூப்பிடும் உரிமையாளர்கள் ஒருமுறை கடை மூடியபின் அதே பாயசத்தைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

கோவிட் காலம் எதிர்பாராத ஒரு பாடம் எடுத்தது. 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூ ஜெர்சியில் உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட மறுபடி அனுமதித்தார்கள், கால்வாசி ஆட்களோடு. அந்த மாதங்களில் பார்சிப்பனியின் நார்த் பெவர்விக் சாலையில் சாப்பிட்டபோது எந்தக் கடையிலும் சாதாரணக் குரலில் பேச முடிந்தது. ரிண்டல் சூத்திரம் சொன்ன ஆட்கணக்குக்குப் பக்கத்தில் கடைகள் முதல்முறையாக வந்திருந்தன. ஆனால் என்னிடம் கருவி வாங்கியவர்கள் அப்போதுதான் அதிகம் தவித்தார்கள். சர்வர் முகக்கவசம் போட்டிருந்தார். மேல்ஸ்தாயி ஒலிகளைக் கவசம் விழுங்கிவிட்டது, உதடும் தெரியவில்லை. அத்தனை காலம் அவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

கல்யாண வரவேற்பு வேறு கதை. இங்கே ஹோட்டல் விருந்து மண்டபங்களில் தரையில் கம்பளம் உண்டு, சுவரிலும் துணி உண்டு. அறையைக் குறை சொல்ல முடியாது. அங்கே கேடு ஒலிபெருக்கியிலிருந்து நேராக வருகிறது. டிஜே ஏற்றிவைக்கும் அளவு 100 டெசிபலை எளிதாகத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கேளிக்கை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பு, கால்மணி நேரச் சராசரியாக 100 டெசிபல். நம் மக்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா பாட்டிகளை மரியாதைக்காக முன்வரிசை மேசையில் அமர்த்துவது நம் வழக்கம். அந்த மேசைக்கு இரண்டடியில் ஒலிபெருக்கி நிற்கும். முகூர்த்தத்தில் நாதஸ்வரமும் தவிலும்கூடச் சத்தம்தான், ஆனால் அவை திறந்தவெளிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் பிறந்தவை. மூடிய மண்டபத்தில் நாலடி தள்ளி உட்கார்ந்தால் அவையும் காதைப் பதம் பார்க்கும். கல்யாண வீட்டார் என்னைக் கேட்டால் மூன்று காரியம் சொல்வேன். பெரியவர்கள் மேசை ஒலிபெருக்கியின் பின்பக்கம் இருக்கட்டும். சாப்பாடு நேரத்தில் டிஜே நிறுத்தட்டும். கைக்குழந்தைக்குக் காதுறை மாட்டுங்கள்.

காதுக்கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. லட்சக்கணக்கான ஒலி மாதிரிகளில் பயிற்றுவித்த சில்லுகள் பேச்சையும் சலசலப்பையும் பிரிக்கப் பார்க்கின்றன. 2022 அக்டோபரிலிருந்து லேசான அல்லது நடுத்தரக் குறைக்கு இங்கே மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கலாம். 2024-இல் ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கே அந்த அனுமதி கிடைத்தது. எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனாலும் 82 டெசிபல் கூடத்தில் எட்டுப் பேர் வட்டமேசையில் எந்தக் கருவியும் தடுமாறும். உட்காரும் இடம் கருவியளவுக்கு முக்கியம். இதில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவி இல்லாதவர் சுவருக்கு முதுகு காட்டி உட்காரலாம், பின்னாலிருந்து சத்தம் வராது. திசை மைக் உள்ள கருவி போட்டவருக்கு அது பொருந்தாது. அந்த மைக் முன்னால் இருப்பதைத்தான் பிடிக்கும். முன்னால் முழுக் கூடமும் இருந்தால் முழுக் கூடத்தையும் பிடிக்கும். அவர் கூடத்துக்கு முதுகு காட்டி, சுவர்ப்பக்கம் பார்த்து உட்காரவேண்டும். பேசுகிறவர் சுவரை ஒட்டி எதிரே இருக்கவேண்டும். அடுக்களைக் கதவிலிருந்தும் காபி இயந்திரத்திலிருந்தும் தள்ளி, முடிந்தால் முதுகு உயர்ந்த இருக்கை. ஆறு மணிக்கே போய்விடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

போன ஆண்டு ஓர் இளம் தம்பதி, இங்கே காலியான அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் செட்டிநாட்டு உணவகம் தொடங்கப்போவதாகச் சொல்லி, குத்தகையில் கையெழுத்திடுமுன் என்னை அழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தாய்க்கு நான்தான் கருவி பொருத்தியிருந்தேன். “அம்மா எங்க கடையில உக்காந்து பேசணும் மேடம், அவ்வளவுதான்” என்றாள். அலுவலகம் விட்டுப்போன டிராப் சீலிங் அப்படியே இருந்தது. வடிவமைப்பாளர் வரைபடத்தில் அதை முழுக்க எடுத்துவிட்டுக் குழாய்களைக் காட்டியிருந்தார். கையைத் தட்டிக் காட்டினேன், தட்டினதும் அடங்கியது. அதே கட்டடத்தில் கூரை கழற்றிய பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் தட்டினேன். வடிவமைப்பாளரும் கேட்டார். அரை மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முன்பக்கம் ஆள் காத்திருக்கும் இடத்தில் மட்டும் கூரையைத் திறப்பது, சாப்பிடும் பகுதியில் சட்டத்தை வைத்துக்கொண்டு பழைய பலகைகளுக்குப் பதில் இன்னும் நன்றாக உறிஞ்சும் அடர்நிறப் பலகைகளை மாட்டுவது, மேசைக்கு மரம், தொலைக்காட்சி கல்லாப் பக்கம் ஒன்று, அதுவும் ஒலியில்லாமல். கூரையைப் பிரித்து அள்ளும் கூலி மிச்சமானதில் பலகைச் செலவின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. கடை திறந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை எட்டரை மணிக்கு, எல்லா மேசையும் நிறைந்திருக்க, மீட்டர் 72 காட்டியது.